காட்டுப் பூக்களின் இன வேலிகளும் நில மேம்பாடும்

(புணே, விமான் நகரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

புணே நகரின் வடகிழக்குப் பகுதியில், லோஹேகாவ் விமான நிலையத்தை ஒட்டி அமைந்தது விமான் நகர். 1939ஆம் ஆண்டில் லோஹேகாவில் விமானப்படைத் தளம் நிறுவப்பட்ட காலத்தில் இப்பகுதி நகருக்குப் புறம்பான நாட்டுப்புறமாகவே இருந்தது. இன்று அடுக்குமாடி இல்லங்களும் அலுவலகங்களும் கல்லூரிகளும் நெருங்கி நிற்கின்றன. எனினும், ஜூன் மாதத்தில் பருவமழை இறங்கியவுடன், இன்னும் கட்டடம் எழாத மனைகளிலும் சாலை ஓரங்களிலும் மண் தன் பழைய வழக்கத்தை மறவாமல் பசுமை கொள்கிறது. அங்கே காலை வேளையில் நீல நிறத்தில் விரிவது கானாவாழைப் பூ. மராத்தியர் இதனைக் ‘கேனா’ என்பர். தமிழ்நாட்டின் வரப்புகளிலும் தோட்டங்களிலும் காணப்படுவது இதே செடிதான். நண்பகல் கடந்ததும் அன்றைய பூ சுருங்கி மடிந்துவிடும்.

கானாவாழைக்கு நெருங்கிய உறவுடைய சிற்றினங்கள் பல உள்ளன. சிலவற்றின் இலை அகன்றது. சிலவற்றின் இலை குறுகியது. ஈரமான ஒரே நிலத்துண்டில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து வளர்வதும் உண்டு. பூக்கள் பெரும்பாலும் நீலம். வரும் பூச்சிகளும் ஏறக்குறைய ஒரே வகையின. அங்ஙனமிருந்தும், ஆண்டுகள் எத்தனை கடந்தாலும் இவை யாவும் கலந்து ஒரே வகையாக மாறிவிடுவதில்லை. அகன்ற இலையுடையது அகன்ற இலையுடனும், குறுகிய இலையுடையது குறுகிய இலையுடனும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகின்றன. இவற்றைப் பிரித்து வைத்திருப்பது எது?

இவ்வினா தாவரவியல் மாணவருக்கு மட்டும் உரியதன்று. சாலை அமைப்போர், மரம் நடுவோர், பூங்கா வளர்ப்போர், பயிர் வகைகளை உருவாக்குவோர் ஆகிய அனைவருடைய பணியையும் இது தொடுகிறது. இனங்களைப் பிரிக்கும் வேலிகளுட் பல கண்ணுக்குப் புலப்படாதவை. எனவே, அவை இருப்பதை அறியாமலேயே அவற்றை அகற்றிவிட இயலும்.

சிற்றினம் என்பது யாது?

தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி என்னும் மரபியல் அறிஞர் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உயிரினங்களைப் பிரித்து வைக்கும் தடைகளை வகைப்படுத்தி விளக்கினார். 1942ஆம் ஆண்டில் எர்னஸ்ட் மேயர் என்னும் பறவையியல் அறிஞர், தமக்குள் இனக்கலப்புச் செய்து, பிற தொகுதிகளிலிருந்து இனப்பெருக்க வழியில் விலகி நிற்கும் தொகுதியே சிற்றினம் என்று வரையறுத்தார். இவ்வரையறை விலங்குகளுக்கு நன்கு பொருந்துகிறது. தாவரங்களிலோ எல்லைக்கோடு அவ்வளவு அழுத்தமானதன்று. சோதனைத் தோட்டத்தில் எளிதாகக் கலந்து விதை தரும் இரு சிற்றினங்கள், காட்டில் அருகருகே வளர்ந்தும் கலவாமல் இருப்பதைக் காணலாம். எனவே, ‘கலக்க முடியுமா?’ என்று கேட்பதைவிட, ‘இயற்கை நிலையில் கலப்பதை எது தடுக்கிறது?’ என்று கேட்பதே தாவரங்களைப் பொறுத்தவரை பயனுள்ளது.

இத்தடைகள் இரு வகைப்படும். மகரந்தம் சூலை அடைந்து கருவுறுவதற்கு முன் நிற்பவை ஒரு வகை. கருவுற்ற பின் வளர்ச்சியையோ வளத்தையோ தடுப்பவை மற்றொரு வகை.

முதல் வேலி: இடமும் காலமும்

முதற்கண் நிற்பது இடத்தால் அமையும் தடை. ஒரு சிற்றினம் நீர் தேங்கும் பள்ளத்திலும், அதன் உறவினம் பாறை வெடிப்பிலும் வளருமாயின், அவற்றின் பூக்கள் சந்திக்கும் வாய்ப்பு குறைகிறது. விமான் நகரிலிருந்து தெற்கே சாதாரா வழியாகச் சென்றால் அடையக்கூடிய காஸ் பீடபூமி இதற்குச் சிறந்த சான்றாகும். சாதாரா நகருக்கு மேற்கே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்த அச்செம்பாறை மேட்டில் 850க்கு மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் பதிவாகியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக 2012ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது.

தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அம்மேடு ஒரே சமவெளியாகத் தோன்றும். அருகே சென்று நோக்கினால், ஒரு விரற்கடை ஆழமுள்ள நீர்ப் படலம், சேறு நிறைந்த குழி, மண்ணில்லாத வெறும்பாறை, சற்றே மண் திரண்ட விளிம்பு எனப் பல சிறு வாழிடங்கள் சில அடி இடைவெளியில் மாறி மாறி அமைந்திருக்கக் காணலாம். பூச்சிகளை உறிஞ்சும் நுண்பைகளையுடைய யூட்ரிகுலேரியா, வெண்ணிறப் பொத்தான் போன்ற தலைகளையுடைய எரியோகாலான், காசித்தும்பையின் காட்டு உறவினமான இம்பேஷன்ஸ் முதலியவை ஈரத்தின் அளவுக்கேற்பத் தத்தம் இடத்தைத் தேர்ந்து நிற்கின்றன.

அடுத்தது காலத்தால் அமையும் தடை. இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை தரும் சான்று உலகப் புகழ் பெற்றது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறு மலைகளில் அது 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் பெருமளவில் பூத்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த ‘கார்வி’ மகாராஷ்டிர மலைச் சரிவுகளில் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மும்பையை அடுத்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் அது 2008, 2016, 2024ஆம் ஆண்டுகளில் பூத்தது. இவ்விரண்டும் வெவ்வேறு மலைகளில் வளர்வன. ஆயினும், ஒரே மலையில் வளர்வதாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தாலும், எட்டாண்டு முறையும் பன்னிரண்டாண்டு முறையும் இதே வரிசையில் தொடருமாயின், இவ்விரு பூப்புகளும் ஒரே ஆண்டில் நிகழப் போவதே இல்லை. காலமே ஒரு வேலியாக நிற்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆண்டு மட்டுமன்றி, ஒரே நாளின் நேரமும் வேலியாகலாம். கானாவாழைக் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து அனைலிமா சிற்றினங்கள் கென்யாவில் ஒரே இடத்தில் வளர்வதை ஆராய்ந்த ராபர்ட் ஃபேடன், அவற்றைப் பிரித்து வைக்கும் தடைகளைப் பற்றி 1983ஆம் ஆண்டில் எழுதினார். பூ விரிந்திருக்கும் காலம் சில மணி நேரமே என்னும் இக்குடும்பத்தில், ஒன்று காலையிலும் மற்றொன்று பிற்பகலிலும் விரியுமாயின், ஒரே வண்டு இரண்டிற்கும் சென்றாலும் மகரந்தம் மாறிச் செல்லும் வாய்ப்பு மிகக் குறையும். கானாவாழை மற்றொரு வழியையும் கையாளுகிறது. மண்ணுக்கடியில் அது விரியாத பூக்களைத் தோற்றுவித்துத் தன் மகரந்தத்தாலேயே விதை உண்டாக்குகிறது. எந்தப் பூச்சியும் நுழைய இயலாத அப்பூவில் அயல் மகரந்தத்திற்கு இடமேது?

இரண்டாம் வேலி: விருந்தினரும் வாயிலும்

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பூத்தாலும், வரும் விருந்தினர் வேறாயின் கலப்பு நிகழாது. காசித்தும்பைப் பேரினத்தில் பூவின் பின்புறம் தேன் நிறைந்த குழல் ஒன்று கொம்புபோல் நீண்டிருக்கும். நீண்டு மெலிந்த குழலிலிருந்து தேனைப் பெற வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல் தேவை. அகன்ற வாயும் குறுகிய குழலும் உடைய பூவில் தேனீ எளிதாக நுழையும். குழலின் நீளத்தில் ஏற்படும் சிறு வேறுபாடும் வருவோரைப் பிரித்துவிடுகிறது.

இவ்வகைத் தடை மிக நுணுக்கமாக அளந்தறியப்பட்டது அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் வளரும் இரு மிமுலஸ் சிற்றினங்களிலாகும். ஒன்று உயர்ந்த மலைப்பகுதியில் வளர்வது, இளஞ்சிவப்புப் பூவுடையது, பெருந்தேனீக்கள் நாடுவது. மற்றொன்று தாழ்ந்த பகுதியில் வளர்வது, செந்நிறப் பூவுடையது, தேன்சிட்டை ஒத்த ஹம்மிங் பறவை நாடுவது. இரண்டும் சந்திக்கும் உயரங்களும் உள்ளன. பசுமைக் குடிலில் இவற்றைக் கலப்பது எளிது. ஆயினும் இயற்கையில் இவற்றிடையே நிற்கும் தடைகள் யாவும் சேர்ந்து 99 விழுக்காட்டிற்கு மேல் கலப்பைத் தடுப்பதாக ராம்சே, பிராட்ஷா, ஷெம்ஸ்கி ஆகியோர் 2003ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அத்தடைகளுட் பெரும்பங்கு இடமும் விருந்தினரும் என்பது கவனிக்கத்தக்கது.

அதே ஆண்டில் பிராட்ஷாவும் ஷெம்ஸ்கியும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பூவின் நிறத்தை நிர்ணயிக்கும் ஒரேயொரு மரபுப் பகுதியை இரு சிற்றினங்களுக்கிடையே மாற்றினர். நிறம் மாறிய செந்நிறச் சிற்றினத்திற்குத் தேனீக்களின் வருகை 74 மடங்கு உயர்ந்தது. நிறம் மாறிய இளஞ்சிவப்புச் சிற்றினத்திற்கு ஹம்மிங் பறவையின் வருகை 68 மடங்கு உயர்ந்தது. சிறியதொரு மாற்றம் எத்துணைப் பெரிய வேலியை எழுப்பவும் தகர்க்கவும் கூடும் என்பதை இது காட்டுகிறது.

விருந்தினர் ஒருவரேயாயினும், வாயில் பொருந்தாவிடில் மகரந்தம் உள்ளே செல்லாது. எருக்கம்பூவைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதன் மகரந்தம் தூளாக இராமல் இரட்டைப் பைகளாகத் திரண்டிருப்பதை அறிவர். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததே செரோபீஜியா பேரினம். இந்தியாவில் உள்ள செரோபீஜியா சிற்றினங்களுட் பெரும்பாலானவை வேறெங்கும் காணப்படாதவை. அவற்றுட் பல மகாராஷ்டிர மலைகளுக்கே உரியவை. விளக்குத் தண்டுபோல் நீண்ட இப்பூ ஒரு பொறியாகும். மணத்தால் ஈர்க்கப்பட்ட சிறு ஈ குழாயினுள் இறங்குகிறது. கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்கள் அதனை வெளியேற விடுவதில்லை. அடியில் உழலும்போது மகரந்தப் பைகள் அதன் வாயுறுப்பில் பற்றிக்கொள்கின்றன. பின்னர் மயிர்கள் வாடியதும் ஈ விடுதலை பெறுகிறது. மற்றொரு பூவில் அப்பை உரிய இடுக்கில் சரியாகப் பொருந்தினால்தான் கருவுறுதல் நிகழும். பூட்டுக்கேற்ற திறவுகோல் போல, பையின் அளவும் இடுக்கின் அளவும் ஒத்திருக்க வேண்டும். மணமும் இங்கே ஒரு வேலியே. தென்னாப்பிரிக்கச் சிற்றினமொன்று காயமுற்ற தேனீயின் மணத்தை ஒத்த மணத்தைப் பரப்பி, அத்தகைய தேனீக்களை நாடும் ஈக்களை மட்டும் கவர்வதாக 2016ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

மூன்றாம் வேலி: சூலகத்திலும் கருவிலும்

அயல் மகரந்தம் சூலகமுடியை அடைந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சூலகமுடி அதனை ஏற்காமல் விடலாம். அல்லது, முளைத்த மகரந்தக் குழாய் பாதி வழியில் நின்றுவிடலாம். சூரியகாந்திப் பேரினத்தில் தன் இன மகரந்தமும் அயலின மகரந்தமும் கலந்து விழும்போது, தன் இன மகரந்தமே பெரும்பாலும் முந்துகிறது. அயல் மகரந்தம் மட்டும் விழுந்தால் விதை உண்டாகும். போட்டி ஏற்பட்டால் அது பின்தங்கிவிடும்.

இந்த வாயில்களைத் தாண்டிச் செல்லும் வழியை ஆராய்ந்ததில் இந்திய அறிஞர்களுக்குச் சிறப்பான இடமுண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஷ்வரியின் தலைமையில் வளர்ந்த தாவரக் கருவியல் குழுவினர், சூலகமுடியையும் சூலகத்தண்டையும் விலக்கி, கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயிலேயே கருவுறச் செய்தனர். காந்தா, ரங்கசாமி, மகேஷ்வரி ஆகியோர் இதனை 1962ஆம் ஆண்டில் அறிவித்தனர். தடை எங்கே நிற்கிறது என்பதை அறிந்தாலன்றி அதனைக் கடக்கும் வழி புலப்படாது என்பதற்கு இது நல்ல சான்று.

கருவுற்ற பின்னரும் தடை தொடர்கிறது. கருவுக்கு உணவளிக்கும் கருவூண் திசு சிதைந்துவிடின் விதை சுருங்கிப் போகும். விதை முளைத்துச் செடியானாலும், அது மலடாகலாம். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை உழைக்கும். ஆனால் வழித்தோன்றல் தராது. குதிரையின் 64 குரோமோசோம்களும் கழுதையின் 62 குரோமோசோம்களும் சேர்ந்து 63 ஆகி, இணை சேர இயலாமற் போவது அதற்கு ஒரு காரணம். கலப்பினச் செடிகளிலும் இதுவே நிகழ்கிறது.

சிற்சில வேளைகளில் கலப்பினத்தின் குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டித்து, மலட்டுத்தன்மை நீங்கி, புதியதொரு சிற்றினமே தோன்றிவிடுவதும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களுக்கு வந்து சேர்ந்த மூன்று டிராகோபோகன் சிற்றினங்கள் அங்கே அருகருகே வளரத் தலைப்பட்டன. அவற்றின் கலப்பால் உண்டான இரு புதிய சிற்றினங்களை மேரியன் ஓன்பே 1950ஆம் ஆண்டில் விவரித்தார்.

வேலிகளின் கணக்கு

இத்தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன என்பதே இங்கு முதன்மையாக உணரத்தக்கது. எடுத்துக்காட்டாக, கலப்பு நிகழ நூறு வாய்ப்புகள் உள்ளன என்று கொள்வோம். இடம் என்னும் முதல் வேலி தொண்ணூறைத் தடுத்தால், எஞ்சுவது பத்து. விருந்தினர் என்னும் இரண்டாம் வேலி அப்பத்தில் ஒன்பதைத் தடுத்தால், எஞ்சுவது ஒன்றே. கருவளக் குறைவு என்னும் இறுதி வேலி வலுவற்றதாயினும், அந்த ஒன்றைச் சமாளித்துவிடும். ஆனால் முதல் வேலி அகற்றப்பட்டால், இரண்டாம் வேலியின் முன் வந்து நிற்பது பத்தன்று, நூறு. இறுதி வேலியின் முன் ஒன்றுக்குப் பதிலாகப் பத்து வந்து சேரும்.

நெருங்கிய உறவுடைய காட்டுப் பூக்களில் இறுதி வேலி பெரும்பாலும் வலுவற்றதே. அவை அண்மைக் காலத்தில் பிரிந்தவை. உடலமைப்பிலும் மரபணுவிலும் இன்னும் ஒத்திருப்பவை. அவற்றைக் காப்பவை இடம், காலம், விருந்தினர் ஆகிய முன்வேலிகளே. மனிதன் நிலத்தைத் திருத்தும்போது முதலில் அகல்பவையும் இவையே.

வேலியைக் கடந்த வேளாண்மை

வேலியைக் கடப்பது எப்போதும் தீங்கென்று கொள்ளலாகாது. அறிந்து, அளந்து, தேவைக்கெனக் கடந்ததால் நாடு பெற்ற நன்மைகள் பல. கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் பயிரிடும் கரும்பையும், ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணல் வகைப் பேய்க்கரும்பையும் கலந்தனர். வட இந்தியாவில் கரும்பு எளிதில் பூப்பதில்லை; கோயம்புத்தூரின் தட்பவெப்பமோ அது பூப்பதற்கு ஏற்றது. காலமும் இடமுமாகிய வேலிகள் அங்கே விலகின. அக்கலப்பில் பிறந்து 1918ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கோ 205 என்னும் வகை வட இந்திய உழவர்க்குப் புதுவாழ்வு அளித்தது. அதே நிலையத்தில் பணியாற்றிய இ. கே. ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலக்கும் அருஞ்செயலை 1930களில் நிகழ்த்தினார்.

வெண்டைக்கு வரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் மற்றோர் எடுத்துக்காட்டு. பயிரிடும் வெண்டையில் போதிய எதிர்ப்பாற்றல் இல்லாமையால், அதன் உறவினத்தின் துணை நாடப்பட்டது. வெண்டையின் 65 இணைக் குரோமோசோம்களில் 29 இணைகள் காட்டு உறவினம் ஒன்றிலிருந்து வந்தவை போலும் என்பதை ஜோஷியும் ஹர்தாஸும் 1956ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். மகாராஷ்டிரத்தின் பர்பணி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், பூசா சவானி என்னும் வெண்டை வகையையும் வேறொரு சிற்றினத்தையும் கலந்தபோது முதல் தலைமுறை ஏறக்குறைய மலடாகவே இருந்தது. அதனை மீண்டும் மீண்டும் வெண்டையுடன் கலந்து வளம் பெறச் செய்து, ‘பர்பணி கிராந்தி’ என்னும் வகை உருவாக்கப்பட்டது. காட்டு உறவினம் தன் தனித்தன்மையுடன் காக்கப்பட்டிருந்ததால்தான் இந்த எதிர்ப்பாற்றல் கிட்டியது என்பதை மறத்தலாகாது.

பயிரிலிருந்து காட்டுக்குச் செல்லும் பாதையும் இதே வாயில் வழியானதே. 2010ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பி.ட்டி. கத்தரிக்காயின் வணிகப் பயன்பாட்டை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அப்போது எழுந்த வினாக்களுள், இந்நாட்டிலுள்ள கத்தரியின் காட்டு உறவினங்களுக்கு அம்மரபணு பரவுமா என்பதும் ஒன்றாகும்.

அறியாமல் அகலும் வேலி

வேண்டுமென்று கடப்பது வேறு. அறியாமல் தகர்ப்பது வேறு. அமெரிக்கத் தாவரவியலார் எட்கர் ஆண்டர்சன் 1948ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், நிலம் குலைக்கப்படும் இடங்களிலேயே கலப்பினங்கள் மிகுதியாக நிலைபெறுகின்றன என்று சுட்டிக்காட்டினார். ஈர நிலமும் வறண்ட நிலமும் தனித்தனியே இருந்த இடத்தில் சாலையும் கரையும் வெட்டும்போது, இரண்டிற்கும் இடைப்பட்ட புதிய நிலம் உண்டாகிறது. இடைப்பட்ட நிலத்தில் இடைப்பட்ட செடி வாழ்கிறது.

கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சான்டா கேட்டலினா தீவுக்கே உரிய செர்கோகார்ப்பஸ் சிற்றினம் ஒன்று, முதிர்ந்த செடிகள் ஒரு டஜனுக்கும் குறைவாக எஞ்சிய நிலையில் இருந்தது. அவற்றை ஆராய்ந்தபோது, சில செடிகள் அருகிலுள்ள பொதுவான உறவினத்துடன் கலந்து பிறந்தவை என்று தெரியவந்தது. அரிய சிற்றினம் ஒன்று வெட்டுண்டு மட்டும் அழிவதில்லை. பெரும்பான்மை உறவினத்தில் கரைந்தும் அழியக்கூடும்.

தோட்டங்களில் நிகழ்ந்த கலப்பும் காட்டிற்குச் சுமையாகலாம். இந்தியக் காடுகளில் பரவியுள்ள உண்ணிச்செடி எனப்படும் லண்டானா, அமெரிக்க வகைகளைத் தோட்டக்காரர்கள் அழகுக்காகக் கலந்ததால் உருவான தொகுதியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்கு வந்த அது இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகள் பலவற்றை மூடி நிற்கிறது.

கலவாமலேயே கேடு விளைவிக்கும் முறையும் உண்டு. பார்த்தீனியம் இந்தியாவில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது புணேயில்தான், ஆர். எஸ். ராவ் அதனை 1956ஆம் ஆண்டில் பதிவு செய்தார். அதன் மகரந்தம் பிற செடிகளின் சூலகமுடியில் படிந்து காய் பிடிப்பதைக் குறைப்பதாகப் பெங்களூரில் சுகதாவும் ஜெயச்சந்திராவும் 1980ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கட்டடம் எழாது கிடக்கும் மனைகளில் பார்த்தீனியம் செழிக்கும்போது, அங்குள்ள சிறு பூக்கள் இடத்தை மட்டுமன்றி விதையையும் இழக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நிர்வாகத்திற்குக் கிடைக்கும் படிப்பினைகள் எளியவை, பெருஞ்செலவு வேண்டாதவை.

முதலாவது, நில ஆய்வு கோடையில் மட்டும் நடத்தப்படலாகாது. ஏப்ரல் மாதத்தில் வெறும் பாறையாகத் தோன்றும் மேடு, ஆகஸ்டில் பல வாழிடங்களாகப் பிரிந்து நிற்கும். ‘தரிசு’ என்று பதிவேட்டில் எழுதுமுன், மழைக்காலத்தில் ஒருமுறையேனும் அந்நிலத்தைப் பார்வையிடல் வேண்டும்.

இரண்டாவது, பள்ளத்தை நிரப்பி மேட்டைச் சமப்படுத்துவது எப்போதும் மேம்பாடு ஆகாது. நீர் தேங்கும் குழியும் வறண்ட பாறையும் தனித்தனியே இருப்பதே அங்குள்ள இனங்களின் வேலி. பாறை மேடுகளில் குழி தோண்டி மரக்கன்று நடுவதும் அவ்வேலியைக் குலைப்பதேயாகும்.

மூன்றாவது, அரிய செடிகளைக் காக்கும் தோட்டங்களில் மிகுந்த கவனம் தேவை. பல மலைகளில் தனித்தனியே வளர்ந்த செரோபீஜியா வகைகளை ஒரே பாத்தியில் அருகருகே வைத்தால், அவற்றைப் பிரித்திருந்த தொலைவு என்னும் வேலி மறைந்துவிடுகிறது. அங்கு உண்டாகும் விதை கலப்பு விதையாக இருக்க வாய்ப்புண்டு. அதனை மீண்டும் மலையில் விதைத்தால், காப்பதற்கெனத் தொடங்கிய பணியே கேடாக முடியும். பூக்களுக்கு உறையிடுதல், கையால் மகரந்தச் சேர்க்கை செய்தல், ஒவ்வொரு செடிக்கும் அது வந்த இடத்தைக் குறித்து வைத்தல் ஆகியவை இன்றியமையாதவை. மறுநடவுக்கு வேண்டும் விதையை அதே மலையிலிருந்து பெறுவதே சாலச் சிறந்தது.

நான்காவது, காலத்தை நம்பி வாழும் செடிகளுக்குக் காலத்தை அளித்தல் வேண்டும். கார்வியின் தண்டுகளை மலைவாழ் மக்கள் குடிசைச் சுவருக்குப் பயன்படுத்துவர்; இது நெடுங்கால வழக்கம். பூக்கும் ஆண்டில் விதை விழுவதற்கு முன் வெட்டுவதோ தீயிடுவதோ நிகழுமாயின், எட்டாண்டுகளின் உழைப்பு ஒரே பருவத்தில் வீணாகும். அவ்வோர் ஆண்டில் மட்டும் வெட்டுதலைத் தள்ளி வைக்குமாறு ஊர் மக்களுடன் கலந்து பேசுவது வனத்துறைக்கு எளிது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இன்படி அமைக்கப்படும் உள்ளூர் மேலாண்மைக் குழுக்களும் தத்தம் பதிவேடுகளில் செடியின் பெயருடன், அது பூக்கும் காலத்தையும் நாடும் பூச்சியையும் குறித்து வைக்கலாம்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. தியோடர் குக் இந்நகரின் அறிவியல் கல்லூரியில் தலைமை வகித்தவர். பின்னர் 1901 முதல் 1908 வரை பம்பாய் மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1955ஆம் ஆண்டில் புணேயில் அமைந்த இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு வட்டம் அப்பணியைத் தொடர்ந்தது. எந்தச் செடி எங்கே வளர்கிறது என்பதை அவர்கள் எழுதி வைத்தனர். எந்தப் பூ எந்நேரத்தில் விரிகிறது, யார் வந்து செல்கிறார்கள், அருகிலுள்ள உறவினத்திலிருந்து அதனைப் பிரிப்பது எது என்னும் வினாக்கள் பல செடிகளைப் பொறுத்து இன்னும் திறந்தே கிடக்கின்றன. இதற்கு வேண்டுவது ஒரு குறிப்பேடு, ஒரு கடிகாரம், சில காலை வேளைகள் ஆகியவையே.

அப்பணியைத் தொடங்கக் காஸ் பீடபூமி வரை செல்ல வேண்டியதில்லை. விமான் நகரின் வெற்று மனை ஒன்றில், மழைக்காலக் காலையில் கானாவாழையின் அருகே அமர்ந்து நோக்கினாலே போதும். எத்தனை மணிக்கு அது விரிகிறது, பக்கத்திலுள்ள குறுகிய இலை வகை எத்தனை மணிக்கு விரிகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அம்மனையில் கட்டடம் எழும் நாள் வரலாம். அதைத் தடுப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் அங்கு கற்றதைக் கொண்டு, இன்னும் கட்டடம் எழாத மலைகளில் எந்த வேலியைத் தொடாமல் விட வேண்டும் என்பதைச் சொல்ல வல்லவர்கள் உருவாவார்களாயின், அது நாட்டின் மேம்பாட்டிற்கே துணையாகும்.